மெதுவான குரல்: ஒருதலைக் காதல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பில் வருபவரை 'தம்பி' என்றே எழுதுகிறேன். மனநல ஆலோசனை அமர்வுகளில் அப்படித்தான் கூப்பிட்டேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், வேலை, குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அவரிடமே படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "அவங்க எனக்குக் கொடுத்தது பேனா இல்ல மேடம், ரீஃபில்." திருத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்துச் சொன்னதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அவர் விரும்பிய பெண் என்னிடம் வந்தவர் அல்ல. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி வழியாகத் தெரிந்ததுதான். ஆகவே அந்தப் பெண்ணைப் பற்றி வேண்டியதற்கு மேல் எழுதவில்லை.

தூக்கம் வரவில்லை என்று வந்தவர்

தம்பிக்கு வயது 29. மன்னார்குடிப் பக்கம். சென்னைக்கு வந்து ஆறு வருடம். ஒரு தனியார் அலுவலகத்தில் பார்த்த கணக்கு வேலையை விட்டுவிட்டு, குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறை. இரண்டு கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுத்து வாடகையும் மெஸ் காசும் கட்டிவிடுவார். காலையில் பறக்கும் ரயில் ஏறிக் கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். 2010இல் திறந்த அந்த நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்க என்றே ஒரு பகுதி உண்டு. போட்டித் தேர்வு எழுதுபவர்கள் அங்கே வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாதக்கணக்கில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அவருடைய டிபன் பாக்ஸ் முதல் இருமல் வரை எல்லாம் பழகிப்போகும் இடம் அது.

முதல் அமர்வில் முதல் 25 நிமிடம் தூக்கத்தைப் பற்றி மட்டுமே பேசினார். படுத்தால் இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை, படிப்பது மனதில் நிற்கவில்லை, நாலு கிலோ குறைந்துவிட்டது. பெரும்பாலான இளைஞர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். நான் காத்திருந்தேன். அப்புறம் ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்து, "இதுல ஒரு ஃபோல்டர் இருக்கு மேடம்" என்றார்.

அதில் 61 ஆடியோ பதிவுகள். எல்லாம் ஒரு வாட்ஸ்அப் படிப்புக் குழுவில் ஒரே பெண் போட்டவை. நூலகத்தில் பழக்கமான பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் குழு. ஆளுக்கொரு பாடம். அந்தப் பெண்ணுக்குப் பாலிட்டி, அதாவது அரசியலமைப்பு. தினமும் இரவு பதினொரு மணி வாக்கில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு பதிவு போடுவார். தம்பி அதை ஹெட்ஃபோனில் போட்டுக்கொண்டு மேன்ஷன் மொட்டை மாடியில் நடப்பார். ஒன்றையே முப்பது தடவை கேட்ட நாட்கள் உண்டாம்.

"அந்தக் குரல்ல ஒரு அமைதி இருக்கும் மேடம். யாரையும் காயப்படுத்தவே தெரியாத ஒருத்தரோட குரல் அது."

நோயா என்று பார்த்தது

மனச்சோர்வை அளக்கப் பயன்படும் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலில், 27க்கு 13 வந்தது. நடுத்தர அளவு. ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்குச் 'சில நாட்கள்' என்று குறித்திருந்தார். அதைச் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டேன். இருப்பதில் அர்த்தம் இல்லை என்று தோன்றுவது உண்டு, திட்டம் எதுவும் இல்லை என்றார். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐ அவர் ஃபோனில் பதியச் சொன்னேன். ஒரு மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். மருந்து இப்போதைக்கு வேண்டாம், மாதம் ஒருமுறை பார்க்கலாம் என்று அவர் சொன்னார்.

அடுத்து, இது எரோட்டோமேனியாவா என்று பார்க்க வேண்டும். 1921இல் பிரான்சு மருத்துவர் கிளெராம்போ விவரித்த பிரமை அது. எதிராளி தன்னைக் காதலிக்கிறார், ரகசியமாகச் சைகை காட்டுகிறார் என்று நோயாளி அசைக்க முடியாமல் நம்புவார். தம்பியிடம் அது இல்லை. "அவங்களுக்கு என்னைப் பிடிக்கும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல" என்று தெளிவாகச் சொன்னார். எண்ணச் சுழற்சி நோயும் (ஓசிடி) அல்ல. அதில் வரும் எண்ணங்களை நோயாளி வெறுப்பார். இவரோ அவற்றைத் தேடிப் போனார்.

டோரதி டென்னவ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் லிமரன்ஸ் என்று பெயர் வைத்த நிலையோடு இது நன்றாகப் பொருந்தியது. விடாமல் ஓடும் நினைப்பு, சின்னச் சின்ன அறிகுறிகளைப் பிடித்துக்கொண்டு நம்புவது, மறுக்கப்படுவோமோ என்ற பயம். இது மருத்துவக் கையேடுகளில் நோயாக இடம்பெற்ற பெயர் அல்ல. ஆனாலும் டென்னவ் கவனித்த ஒன்று எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது: நம்பிக்கையும் நிச்சயமின்மையும் கலந்திருக்கும் வரை இது வளரும். சரி என்று தெரிந்தாலும் அடங்கும், இல்லை என்று தெரிந்தாலும் அடங்கும். இரண்டும் தெரியாத இடத்தில்தான் கொழுந்துவிடும். தம்பி குழுவில் ஏதாவது சந்தேகம் கேட்டால் சில நாள் உடனே பதில் வரும், சில நாள் இரண்டு நீல டிக் மட்டும் வரும். எப்போது தீனி விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகளில் படித்திருப்போம். தம்பிக்கு அந்த நீல டிக் அப்படி இருந்தது.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. இதை எந்த ஆலோசகரும் விட்டுவிடக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு இவரால் தொந்தரவு உண்டா? இரண்டு நாள் கோட்டூர்புரம் ஸ்டேஷனில் அவர் வரும் நேரம் பார்த்து நின்றதாகச் சொன்னார். ஒரு நாள் அதே பெட்டியில் ஏறியிருக்கிறார். "எதுவும் பேசல மேடம், சும்மா பார்த்துட்டு வந்துட்டேன்" என்றார். விடாமல் பின்னால் போனால் மனம் மாறும் என்று திரையில் பார்த்துப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் நாம். விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து திரும்பத் திரும்பப் பேச முயல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவில் குற்றம். சட்டத்தைச் சொல்லிவிட்டு அதற்கு முன்னால் வரும் கேள்வியையும் கேட்டேன்: சாயங்காலக் கூட்டத்தில், தன்னை ஒருவர் நேரம் பார்த்து வந்து பார்க்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்? அவர் முகம் வெளிறிவிட்டது. தன்னைப் பார்த்து யாராவது பயப்படுவார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. அன்றோடு ஸ்டேஷனில் நிற்பதை விட்டுவிட்டார்.

நான் செய்த தவறு

இரண்டாவது அமர்வில் அவசரப்பட்டேன். "ஏழு மாசத்துல அவங்ககூட நேர்ல எத்தனை தடவை பேசியிருக்கீங்க?" என்று கேட்டேன். யோசித்து எண்ணினார். ஒன்பது தடவை. மொத்த நேரம் 40 நிமிடம்கூட வராது. "அப்ப அவங்களைப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே தம்பி" என்றேன்.

சொன்னது உண்மைதான். ஆனால் சொல்லியிருக்கக் கூடாது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார், அடுத்த வாரம் வரவில்லை. ஃபோன் செய்தபோது, "நீங்களும் என் ரூம்மேட் மாதிரியே பேசறீங்க மேடம்" என்றார். ரூம்மேட், "டேய், அவ என்ன தேவதையா? சாதாரணப் பொண்ணுடா" என்று சொல்லியிருக்கிறார். நான் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன்.

பிம்பத்தைப் போட்டு உடைப்பது நம் ஊரில் நண்பர்கள் எல்லாரும் செய்யும் வைத்தியம். பெரும்பாலும் பலிப்பதில்லை. அந்தப் பெண்ணை இறக்கிப் பேசப் பேச, காதலிப்பவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார். அவளைக் காப்பாற்றும் பொறுப்பும் சேர்ந்து விடுகிறது. அதோடு, ஒருவரை உள்ளதைவிட உயர்வாகப் பார்ப்பது தன்னளவில் கெடுதலும் அல்ல. உளவியலாளர் சாண்ட்ரா மர்ரேயும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒருவரை ஒருவர் கொஞ்சம் உயர்த்தியே பார்த்த இணைகள்தான் அதிக நிறைவோடு இருந்தார்கள். என் அனுபவத்திலும் நல்ல தாம்பத்தியங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே எதிராளி கூடவே இருக்கிறார். தினமும் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிறார், காய்ச்சலில் முனகுகிறார், மறுத்துப் பேசுகிறார். உயர்த்திப் பார்க்கும் பார்வைக்கு அன்றாடம் ஒரு பதில் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

தம்பிக்கு அந்தப் பதில் இல்லை. தொல்காப்பியம் ஏழு திணைகளில் முதலாவதாக வைத்த கைக்கிளையின், அதாவது ஒருதலைக் காதலின், இலக்கணத்தில் "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்" என்று ஒரு தொடர் வரும். அங்கே பேசப்படும் சூழல் வேறு: காமத்துக்கு இன்னும் முதிராத இளம் பெண்ணிடம் ஒருவன் பேசுவது. ஆனாலும் எதிர்ச்சொல் கிடைக்காதவன் தானே சொல்லித் தானே மகிழ்கிறான் என்ற கணிப்பு, மொட்டை மாடியில் ஹெட்ஃபோனோடு நடக்கும் ஒருவருக்கும் அப்படியே பொருந்துகிறது. எனக்கு அந்த வரியில் கண்டிப்பு எதுவும் கேட்பதில்லை. இப்படியும் ஒன்று மனிதர்களுக்கு நடக்கிறது என்று பெயர் வைத்து இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். மறு வாரம் வந்தார்.

பார்த்தது, சேர்த்தது

மூன்றாவது அமர்வில் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். நடுவில் கோடு போடச் சொன்னேன். இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'சேர்த்தது'. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் இடப்பக்கம். அதிலிருந்து அவர் மனம் எடுத்துக்கொண்டது வலப்பக்கம். எது சரி, எது தப்பு என்று தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கணக்குப் பார்த்துப் பழகிய கை. ஒரு வாரத்தில் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். சிலவற்றை அவர் அனுமதியோடு தருகிறேன்.

பார்த்தது: மதியம் தனியாகச் சாப்பிடுகிறார். சேர்த்தது: கூட்டம் பிடிக்காது, என்னைப் போல.

பார்த்தது: என் பேனா நின்றுவிட்டது, பையிலிருந்து ஒரு ரீஃபில் எடுத்துக் கொடுத்தார். சேர்த்தது: யாருக்கு என்ன தேவை என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்.

பார்த்தது: பழைய புடவைத் துணியில் தைத்த பை வைத்திருக்கிறார். சேர்த்தது: ஆடம்பரம் பிடிக்காது. அம்மா மேல் பாசம்.

பார்த்தது: குரல் மெதுவாக இருக்கிறது. இதற்கு எதிரே வலப்பக்கம் மட்டும் ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படித்தபோது அவர் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்பது எனக்கு முதன்முறையாக உறைத்தது. கோபம் வராது. விளக்கம் கேட்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வார். தேர்வில் தோற்றால் 'பரவாயில்லை' என்பார். தோற்றவனைக் கேவலமாகப் பார்க்க மாட்டார். இரண்டு முறை முதல்நிலைத் தேர்வில் தோற்றிருந்தார் தம்பி. 200 கேள்வி, 300 மதிப்பெண். கடைசி முறை சில மதிப்பெண்ணில் போயிற்று. ஊரில் யாரும் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை.

எழுத்து வழியாகவும் குரல் வழியாகவும் மட்டும் பழகும்போது இந்தச் சேர்மானம் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்கு, தொடர்பியல் ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996இல் ஒரு விளக்கம் தந்தார். அனுப்புபவர் யோசித்து, சரிபார்த்து, தன்னுடைய நல்ல பக்கத்தை அனுப்ப முடியும். பெறுபவர் தெரியாத இடங்களையெல்லாம் தன் விருப்பம்போல நிரப்பிக்கொள்ளலாம். முகமும் வாசனையும் வியர்வையும் குறுக்கே வராது. அப்போது வாட்ஸ்அப் இல்லை. ஆனால் தம்பியின் நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கிறது.

தண்ணி லாரி

ஆறாவது அமர்வில் நடந்ததை நான் திட்டமிடவில்லை. மே மாதம். எங்கள் அடுக்ககத்தில் போர் வற்றி, தண்ணி லாரிக்குச் சொல்லியிருந்தோம். இரண்டு நாளாக வரவில்லை. அமர்வில் நான் ஃபோன் எடுப்பதில்லை. அன்று வீட்டில் வயதான மாமியார் தனியாக இருந்ததால், தம்பியிடம் முன்பே சொல்லிவிட்டு ஃபோனை வைத்திருந்தேன். லாரிக்காரர் அழைத்தார். நாளைக்குத்தான் வரும் என்றார். நான் கதவோரம் போய் நின்று, "என்னங்க நினைச்சிட்டு இருக்கீங்க? ரெண்டு நாளா இதையே சொல்றீங்க!" என்று தொடங்கி, நன்றாகவே கத்திவிட்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தால், தம்பி என்னை யாரோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கத்துவீங்களா மேடம்?"

"கத்துவேன். வீட்டுல இன்னும் அதிகமாவே கத்துவேன்."

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி மேடம், உங்க வீட்ல இருக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க" என்று சொல்லியிருந்தார். நான் குறித்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி நோட்டில் எழுதிய வாக்கியமும் கிட்டத்தட்ட அதுவே. சிகிச்சையில் இருப்பவர் தன் பழைய உறவுகளின் சாயலைச் சிகிச்சை தருபவர் மேல் ஏற்றுவார் என்பதை ஃப்ராய்டு 1915இல் விரிவாகவே எழுதியிருக்கிறார். இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தண்ணி லாரி முந்திக்கொண்டது.

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்ப உங்களையும் நான் சேர்த்துட்டேன்" என்றார்.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமான வாக்கியம் அதுதான். நான் எத்தனை மாதம் விளக்கியிருந்தாலும் அது அவர் வாயிலிருந்து வந்திருக்காது. கத்தியதைக் கேட்ட பிறகும் அடுத்த வாரம் வந்தார் என்பதும் முக்கியம். நான் பொறுமைசாலி இல்லை என்று தெரிந்தும் என்னிடம் பேச அவரால் முடிந்தது.

கடிதம்

சொல்லிவிடலாம் என்று அவரே முடிவு செய்தார். எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் நிச்சயமின்மைதான் இதற்குத் தீனி என்னும்போது, ஒருமுறை, மரியாதையாக, அந்தப் பெண் எளிதாக விலகிப்போக வழி விட்டுச் சொல்வதில் தவறில்லை என்று பட்டது. இரண்டு நிபந்தனை வைத்தேன். ஒருமுறைதான். பதில் என்னவானாலும், பதிலே வராவிட்டாலும், மறுபடி கேட்கக் கூடாது.

முதலில் எழுதி வந்த கடிதம் மூன்று தாள், இரு பக்கமும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பிறகு பச்சைப் பேனாவால், அந்தப் பெண்ணைப் பற்றிய, பார்த்துத் தெரிந்த வாக்கியங்களை மட்டும் கோடிடச் சொன்னேன். 64 வாக்கியத்தில் ஐந்து தேறியது. மற்றதெல்லாம் தம்பியின் இரவுகள், தம்பியின் தனிமை, தம்பியின் கனவு. அவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை வாங்கிப் படிச்சா அவங்களுக்கு எவ்ளோ பாரமா இருக்கும்" என்றார்.

கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: "வணக்கம். உங்க பாலிட்டி பதிவுகள் எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. உங்க அமைதியான குரலைக் கேட்டுக் கேட்டு எனக்கு உங்க மேல விருப்பம் வந்துடுச்சு. உங்களைப் பத்தி நானே நிறைய கற்பனை பண்ணிக்கிட்டேன். உங்களுக்கு விருப்பம் இல்லைன்னா பதில்கூடப் போட வேண்டாம், நான் புரிஞ்சுக்குவேன். மறுபடி கேக்க மாட்டேன்."

மறுநாள் 52 விநாடிக்கு ஒரு ஆடியோ வந்தது. விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, இப்படி முடித்திருந்தார்: "நான் மெதுவாப் பேசுற ஆளே இல்ல ப்ரோ. எங்க வீட்ல ஒரே ரூம்தான். அப்பா காலைல நாலு மணிக்கு டூட்டிக்குப் போகணும், பக்கத்துலயே தூங்குவாரு. அவரு முழிச்சுக்கக் கூடாதேன்னு அப்படிப் பேசுவேன். நான் எவ்ளோ கத்துவேன்னு எங்கம்மாவைக் கேட்டாத்தான் தெரியும்."

அந்தப் பெண் இவ்வளவு சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. நல்ல மனம்.

ஒன்பதாவது அமர்வில் தம்பி அழுதார். மறுத்ததற்கு அழவில்லை. "அது எனக்காகப் பேசின குரல் இல்ல மேடம். அவங்கப்பா தூங்குறதுக்காகப் பேசின குரல்." கொஞ்சம் அடங்கிய பிறகு, பழைய பதிவுகளில் ஒன்றை இருவரும் சேர்ந்து கேட்போமா என்று கேட்டேன். அடிப்படைக் கடமைகள் பற்றியதைப் போட்டார். 1976இல் 42ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்துக் கடமைகள், 2002இல் 86ஆவது திருத்தம் சேர்த்த பதினொன்றாவது. மனப்பாடமாகவே தெரியும் அவருக்கு. 'பதினொன்றாவது' என்று அந்தப் பெண் சொல்லி நிறுத்தும் இடத்தில், பின்னால், மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், ஒரு குறட்டை கேட்டது. நீளமாக, நிதானமாக.

தம்பி பதிவை நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி போட்டார். மறுபடியும். நூறு தடவைக்கு மேல் கேட்ட பதிவு அது. அந்தக் குறட்டை அவர் காதில் ஒருமுறைகூட விழுந்ததில்லை.

நோட்டைத் திறந்து, 'பார்த்தது' பக்கத்தில், "அப்பா குறட்டை விடுகிறார்" என்று எழுதினார்.

மூன்றாவது கோடு

இந்தப் பிம்பம் எதிலிருந்து செய்யப்பட்டது என்று எனக்குள் ஒரு ஊகம் இருந்தது. அம்மா என்று நினைத்தேன். அம்மாவோடு அவருக்குப் பேச்சு குறைவு, ஆகவே அங்கே ஒரு ஏக்கம் இருக்கும் என்று எண்ணி, இரண்டு அமர்வில் அந்தப் பக்கமே கேள்வி கேட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாவோடு அவர் நன்றாகவே இருந்தார். அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

குறட்டையைக் கேட்டதற்கு அடுத்த வாரம், வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "எங்கக்காவும் இப்படித்தான் மேடம் சொல்லிக் கொடுக்கும்."

எட்டு வயது மூத்த அக்கா. அப்பா அரிசி மில்லில் வேலை முடிந்து வந்து படுத்துவிடுவார். வீட்டில் ஒரே அறை. அடுப்படி ஓரம் பாயைப் போட்டு, அப்பா எழுந்துவிடாதபடி குசுகுசுவென்று கணக்கும் அறிவியலும் சொல்லித் தருவாள் அக்கா. எத்தனை தடவை கேட்டாலும் சொல்வாள். பிளஸ் டூவில் 1200க்கு 1041. கல்லூரிக்கு அனுப்பவில்லை. இருபது வயதில் திருப்பூருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு.

"அதுக்கப்புறம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல."

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருந்தது. ஒரு சாவியை வைத்து எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்ப்பது எங்கள் தொழிலில் இருக்கும் ஆபத்து. நோட்டில் இருந்த பாதி விஷயம் அக்காவுக்குப் பொருந்தவே இல்லை: தனியாகச் சாப்பிடுவது, ஆடம்பரம் பிடிக்காதது. அக்காவுக்குக் கண்ணாடி வளையலும் கூட்டமும் ரொம்பப் பிடிக்கும். ஆகவே நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. தம்பிதான் நோட்டில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, 'எங்கிருந்து' என்று தலைப்பு எழுதினார். சில இடத்தில் 'அக்கா'. சில இடத்தில் 'நான்'. சிலவற்றுக்கு எதிரே 'தெரியல'. ரீஃபில் கொடுத்ததற்கு எதிரே கோடு போட்டுவிட்டு, "இது எங்கிருந்தும் வரல. அவங்க நிஜமாவே கொடுத்தாங்க" என்று எழுதியிருந்தார்.

மொத்தம் 14 அமர்வுகள், ஆறு மாதம். கடைசியில் பிஎச்க்யூ மதிப்பு 5. தூக்கம் பன்னிரண்டு மணிக்குள் வந்தது. குழுவில் தொடர்வதா, விலகுவதா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். "படிக்கத்தானே இருக்கோம், இருங்க" என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்து, இட நெருக்கடியில் இன்னொருவரோடு அந்தப் பெண் நாற்காலிக்காகச் சண்டை போட்டதைப் பார்த்ததாகச் சொன்னார். "செம்ம சத்தம் மேடம்." நினைப்பு முழுவதும் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, சில இரவு வரும், வந்துவிட்டுப் போகும் என்றார்.

பொங்கல் முடிந்த வாரம் ஃபோன் செய்தார். திருப்பூர் போய் அக்கா வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறார். ஆறு வருடமாகத் தீபாவளிக்கு ஃபோனில் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரியாம். அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறார். போனதும் முதலில் நல்ல திட்டு விழுந்திருக்கிறது: இத்தனை வருஷம் வரத் தெரியலையா, வேலையை விட்டதை ஏன் சொல்லலை என்று. அப்புறம் ராத்திரி, அக்கா மகளுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்று தம்பிதான் பாயைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். அக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்படி இல்லடா, இப்படி" என்று நடுவில் திருத்தியிருக்கிறார்.

"அக்கா இப்பல்லாம் ரொம்பச் சத்தமாப் பேசுது மேடம். மிஷின் சத்தத்துல பேசிப் பேசி அப்படியே ஆயிடுச்சு. தெருக்கோடி வரைக்கும் கேக்குது."